கம்பு, குதிரைவாலி, காணம்: முந்தின ராத்திரியிலேயே தொடங்குங்கள்

அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் பையை மடித்துக்கொண்டே கேட்பார்கள்: "ஏம்மா, கம்பும் கேப்பையும் சாப்பிட்டா மாத்திரைய நிப்பாட்டிரலாமாமே?" பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

தானியத்தை மட்டும் மாற்றினால் போதாது

ஐக்கிய நாடுகள் சபை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. முன்மொழிந்தது இந்தியா. அதே 2023இல்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது அது. இரண்டு செய்தியும் சேர்ந்து வந்ததும் கடைகளில் கம்பு பிஸ்கட், தினை நூடுல்ஸ், வரகு முறுக்கு எல்லாம் வரிசை கட்டின. பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை என்று இருந்தால், முன்பக்கத்தில் கம்புக் கதிர் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது மைதா பிஸ்கட்தான்.

100 கிராம் கம்பிலும் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 78 கிராம் அளவுக்கு. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. கம்பின் உண்மையான பலம் வேறு இடத்தில்: நார்ச்சத்து, 100 கிராமுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து, மெதுவாகச் செரிக்கும் தன்மை. கேப்பையில், அதாவது கேழ்வரகில், சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அதே அளவு பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தப் பலமெல்லாம் நமக்குக் கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத்தான் வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை.

தானியங்களின் மேல்தோலில் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் இது குறையும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் சாப்பிட்ட கம்மங்கூழ், கேப்பைக்கூழ், நீராகாரம், ஊறிய காணம் (கொள்ளு), எதுவுமே அன்று காலையில் தொடங்கியது இல்லை. எல்லாம் முந்தின ராத்திரி தொடங்கியது. பழைய சாப்பாட்டு முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் தானியத்தின் பெயரை விட இந்த ராத்திரிப் பழக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சத்துக்காக மட்டும் இல்லை, விடாமல் தொடர்வதற்கும் அதுதான் வழி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கரிசல் காட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மழை பொய்த்த வருஷம் கம்பும் கிடையாது. என் அத்தை, அதாவது மாமியார், புல்லரிசி (காட்டுப் புல்லின் மணி) கூட்டிச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிய வீட்டில் பிறந்தவர். 2011இலிருந்து ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும் அரிசி எத்தனையோ வீடுகளில் பசியைத் தீர்த்திருக்கிறது. அரிசியைப் பழிக்க எனக்கு மனம் வராது. அவர்கள் பட்ட பட்டினியை விட்டுவிட்டு, அவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கம்மங்கூழ்

நாலு பேருக்கு ஒரு பெரிய டம்ளர் கம்பு, சுமார் 200 கிராம். முறத்தில் புடைத்து, கல் அரித்துவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசிறி கால் மணி நேரம் வையுங்கள். முன்பு உரலில் போட்டுக் குத்தி உமி எடுப்பார்கள். இப்போது மிக்சியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று ஓடவிட்டால் போதும், மேல்தோல் கழன்றுவிடும். தொடர்ந்து ஓட விடாதீர்கள், சூடேறி மாவாகிவிடும். புடைத்து உமியை நீக்கிவிட்டு மறுபடி மிக்சியில் போட்டு ரவையும் மாவுமாக உடைத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் சலித்து ரவையைத் தனியாக, மாவைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டம்ளர் கம்புக்கு ஐந்து டம்ளர் தண்ணீர். அடிகனமான பாத்திரத்தில் கொதித்ததும் உப்புப் போட்டு முதலில் ரவையைப் போடுங்கள். அது பாதி வெந்ததும் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். இங்கேதான் துடுப்பு வேண்டும், கரண்டி வளைந்துவிடும். அடுப்பைக் குறைத்து வைத்து இருபத்தைந்து நிமிஷம், நடுநடுவே கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. மூடி வைத்துப் புழுங்க விடுங்கள்.

அன்று ராத்திரி சூடாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். கம்மஞ்சோறும் கீரைக் கடைசலும் நல்ல ஜோடி. மீதியை ஆறவிட்டு உருண்டை பிடித்து மண்சட்டியில் போட்டு, உருண்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாசம் வரும். கையை விட்டுக் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ் தயார். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரமே போதும். அதற்கு மேல் போனால் புளிப்பு ஏறிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்கும். வாடை மாறியிருந்தாலோ மேலே ஏடு படிந்திருந்தாலோ கொட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

மண்சட்டி இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் கவனம் வேண்டும். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு என்று கை போகும். காட்டு வேலையில் உடம்பெல்லாம் வேர்த்தவர்களுக்கு அந்த உப்பு தேவைப்பட்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான், குழம்பு ரசம் எல்லாம் சேர்த்து. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் கூழுக்குச் சின்ன வெங்காயமும் காணத் துவையலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கு ஒரு மோர் மிளகாய், அதுவும் வாரத்துக்கு ஓரிரு நாள்.

அளவும் முக்கியம். ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டுப் பருத்திக் காட்டில் பொழுது சாயும்வரை களை வெட்டினார் அத்தை. கணினி முன்னால் உட்காருகிறவருக்கு ஒரு டம்ளர் போதும். பெரியவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிட்ட அளவையும் அப்படியே எடுத்துக்கொண்டால் உடம்பு இறங்காது.

சோற்றுக்குப் பதில் குதிரைவாலி

கூழ் பிடிக்காத வீடுகளுக்கு இதுதான் சுலபமான வழி. விருதுநகர் மாவட்டத்திலும் பேரையூர்ப் பக்கமும் மானாவாரியில் விளைவது. ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர். கல் அரித்து, அரைமணி ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் கால் மணி நேரத்தில் பூப்போல வரும். குக்கரில் வைத்தால் பெரும்பாலும் குழைந்துவிடும். குழைந்த சோறு சீக்கிரம் செரித்து சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். குதிரைவாலிச் சோறு சாம்பார், புளிக்குழம்பு, மோர் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும்.

வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை எடுக்காதீர்கள். இயந்திரத்தில் நன்றாகத் தீட்டித் தவிட்டை நீக்கியது அது. நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்த நார்ச்சத்து ஆலையிலேயே போய்விட்டது. கொஞ்சம் மங்கலாக, பழுப்போடு இருப்பதைக் கேளுங்கள். வேக ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும்.

குழந்தைகளுக்கு இட்லி அரிசியில் பாதியைக் குறைத்துக் குதிரைவாலி சேர்த்து, உளுந்தும் வெந்தயமும் வழக்கம்போலப் போட்டு ஆட்டினால் தோசை மொறுமொறுவென்று வரும். சொல்லாமல் கொடுங்கள். சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.

தட்டில் மீதி இடம்

பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பயறு அல்லது முட்டை, மீன். மீதிக் கால்தான் தானியம். அந்தக் காலத்தில் இப்படி இல்லை, தானியம்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். உழைப்பு குறைந்த உடம்புக்காக நாம் செய்துகொள்கிற மாற்றம் இது.

கரிசல் காட்டில் காய்க்குப் பஞ்சம் என்பார்கள். ஐப்பசி மழை விழுந்து கார்த்திகை வரும்போது வந்து பாருங்கள். அதலைக்காய் சந்தைக்கு வந்துவிடும். பாகற்காய்க்குச் சொந்தம், விரல் நுனி அளவுதான் இருக்கும், கசப்பு உண்டு. காம்பையும் வால் நுனியையும் கிள்ளிவிட்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, கடைசியில் வறுத்த நிலக்கடலைப் பொடி தூவி இறக்கினால் கசப்பு நாக்கில் இதமாக நிற்கும். அது வருகிற ஓரிரு மாதம் எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறையாவது உண்டு. மிதுக்கங்காய் வத்தல், சுண்டை வத்தல், தோட்டத்து முருங்கைக்கீரை, வரப்பில் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை, இவையெல்லாம் தானியத்தை விடப் பெரிய சொத்து. தானியத்தைக் கொண்டாடுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். உங்கள் ஊரில் மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது என்று ஒரு பாட்டியிடம் கேளுங்கள்.

காணம் என்று நாங்கள் சொல்லும் கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம். ராத்திரி ஊறவைத்து வேகவைத்து, வெந்த தண்ணீரில் ரசம், பயறில் துவையல் அல்லது சுண்டல். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த பயறு, 30 கிராம் அளவு, ஒரு வேளைக்குச் சரி. இரும்புச்சத்து சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ தட்டில் இருக்கட்டும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், இரும்பைத் தடுக்கும்.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வரி. மணம் இருக்கிறது, வெள்ளைச் சீனியை விடச் சில தாதுக்கள் கூடுதலாக இருக்கின்றன. ஆனால் சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியில் போடுங்கள். அப்பாவின் காபியில் வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள்

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றின் அளவைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், கண் இருட்டும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். இந்த நிலை வராமல் இருக்க, சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரைகளுக்கும் கீரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையே சாப்பிடக்கூடாது என்பது இல்லை. வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும், திடீரென்று கூட்டக்கூடாது.

தைராய்டுக்குத் தைராக்சின் எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூழ் குடிக்க வேண்டும். கம்பில் தைராய்டு சுரப்பியின் வேலையைக் குறுக்கிடும் சில பொருட்கள் இருக்கின்றன. அதனால் இவர்கள் தினமும் கம்பையே பிடித்துக்கொள்ள வேண்டாம், மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், அயோடின் உப்பையும் விடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறும் கீரையும் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

விடாமல் தொடர

பத்து நாள் ஆர்வமாகச் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு டிபன் கட்டி, கணவருக்குச் சட்டை தேய்த்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது "இன்றைக்கு நல்லதாக என்ன சாப்பிடலாம்" என்று யோசிக்க எந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தில் கையில் கிடைப்பதுதான் சாப்பாடு. பிரெட் கிடைத்தால் பிரெட்.

அதனால் முடிவைக் காலையில் எடுக்காதீர்கள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த கையோடு எடுத்துவிடுங்கள். "சட்டியில என்ன கெடக்குன்னு பாத்துட்டுத்தான் தாயி படுக்கணும்" என்பார் அத்தை. கூழ் உருண்டை தண்ணீரில் கிடந்தால், காணம் ஊறிக்கிடந்தால், காலையில் உங்களுக்கு ஊக்கம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே வராது. சாப்பிடாவிட்டால் புளித்து வீணாகிவிடும். உணவை வீணாக்க நம் கை கூசும். அந்தக் கூச்சம் எந்த ஊக்கப் பேச்சை விடவும் உறுதியானது. நான் இதை நம்பித்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறேன்.

முதல் மாதம் ஒரு வேளை மட்டும் மாற்றுங்கள், காலைச் சாப்பாட்டை. மதியச் சோற்றையும் ராத்திரி இட்லியையும் மாற்றாதீர்கள். மூன்று வேளையையும் ஒன்றாக மாற்றுகிற வீட்டில் இரண்டாம் வாரம் சண்டை வரும். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், அந்தச் சாக்கும் சேர்ந்துகொள்ளும். காலைச் சாப்பாடு பழகிய பிறகு மதியம் தானாக மாறும்.

தனிச் சமையல் வேண்டாம். "எனக்குக் கூழ், உங்களுக்குப் பூரி" என்று இரண்டு அடுப்பு எரித்தால் எவராலும் தொடர முடியாது. ஒரே சட்டி, எல்லாருக்கும். என் கணவருக்குக் கூழ் இறங்காது. அதே கம்மஞ்சோற்றை உருண்டை பிடிக்காமல் எடுத்து வைத்து, காலையில் தயிர் ஊற்றித் தாளித்துக் கொடுக்கிறேன். பாத்திரம் ஒன்றுதான்.

துணை தேடுங்கள். எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து கம்பு வாங்குகிறோம், சேர்ந்தே மில்லுக்குப் போகிறோம். (மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் காத்திருங்கள். கேப்பை அரைத்தவருக்குப் பின்னால் போடுங்கள்.) யார் வீட்டில் என்ன ஊறுகிறது என்பது ராத்திரி வாசலில் பேசுகிற பேச்சாகிவிட்டது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டி போகும். தனியாக இருக்கிற நாளில் தளர்ந்துவிடுகிற மனசு, நாலு பேர் விசாரிக்கும்போது தளராது.

எங்கள் பக்கம் ஆசை காட்டுகிற பண்டங்களுக்கும் குறைவில்லை. சாத்தூர்ச் சேவு, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவற்றைச் சாப்பிடவே கூடாது என்று நான் யாரிடமும் சொன்னது கிடையாது. பால்கோவா அந்த ஊருக்குப் போகும்போது, ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, சின்ன அளவாக வாங்கி அங்கேயே எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். கிலோக் கணக்கில் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சேவு டப்பா அலமாரியில் இருக்கிறவரை கை அங்கேதான் போகும். வீட்டில் இல்லாததை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை.

கல்யாணம், கோயில் கொடை, பங்குனிப் பொங்கல் என்று வந்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். பெரியவர்களும் விசேஷத்துக்கு அப்படித்தான் சாப்பிட்டார்கள். நம் சிக்கல் விசேஷச் சாப்பாடு தினசரிச் சாப்பாடாகிவிட்டதுதான். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஒரு கைப்பிடி காணத்தையாவது ஊறவையுங்கள். மறுநாள் பழைய வழிக்குத் திரும்ப அது ஒன்று போதும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். ஒரு கிலோ ஏறி இறங்குவது தண்ணீர்க் கணக்குதான், அதைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் அதிகம். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்து நாட்காட்டியில் எழுதுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு பதினைந்து நிமிஷம் நடப்பது சர்க்கரை ஏறுவதை நன்றாகக் குறைக்கும். காட்டுக்கு நடந்தே போய் நடந்தே வந்தவர்களின் பழக்கத்தில் நம்மால் உடனே செய்ய முடிகிற பகுதி இது.

ராத்திரிச் சாப்பாடு எனக்கே கடினமான பகுதி, கடை சாத்த ஒன்பது மணியாகிவிடுகிறது. அதனால் தூக்கில் சுண்டல் கொண்டுபோய் ஆறரை மணிக்குச் சாப்பிட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோரும் மதியக் காய் மீதியும். இரவு வேலை பார்க்கிற செவிலியர்கள், காவலர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பசித்த பிறகு தேடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.

சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற என் மகனிடம் இருப்பது ஒரு மின்னடுப்பும் இரண்டு பாத்திரமும். அவனுக்குக் கூழ் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாசிப்பயறு ஊறவைக்கிறான், திங்கள் காலை வடிகட்டித் துணியில் கட்டுகிறான், முளைத்ததை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்கு வைத்துக்கொள்கிறான். ஒவ்வொரு நாளும் ஆவியில் ஒரு வேக்காடு வைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்து, ஒரு முட்டையோடு முடிந்தது. அறையில் தங்குகிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், இதுவே நல்ல சாப்பாடு.

வாங்குவதும் வைப்பதும்

தையில் புதுக் கம்பு வரும்போது தானியமாக வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள். கம்பில் கொழுப்பு 5 விழுக்காடு அளவுக்கு உண்டு, அரிசியில் 1 விழுக்காடுகூட இல்லை. அரைத்த கம்பு மாவு அதனால்தான் ஒரு வாரம் பத்து நாளில் கசந்துவிடுகிறது. தேவைக்கு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள். முழுத் தானியத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறிய பிறகு, காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ போட்டு இறுக மூடினால் மாதக்கணக்கில் இருக்கும். சூடு ஆறுமுன் மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வரகில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஈரத்தில் கிடந்த வரகில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நஞ்சை உண்டாக்கும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தது, பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை மேய்ந்ததால்தான். வரகு நல்ல தானியம், பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்ததா, பூசண வாடை அடிக்கிறதா என்று கையில் அள்ளி முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கறுத்த மணிகள் அதிகமாக இருந்தால் அந்த மூட்டையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.